வெளியேற்ற வெப்பநிலை உணரி: டர்போ காரின் மாற்று மேனிஃபோல்டில் பொருத்துதல்

சிலிண்டரில் எரிந்து வெளியேறும் வாயு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அளக்கும் கருவி வெளியேற்ற வெப்பநிலை உணரி. பட்டறைகளில் இதை ஈஜிடி சென்சார் என்பார்கள். டர்போ பொருத்திய காரில் சிலிண்டர்களிலிருந்து வரும் வாயுவைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் தொழிற்சாலை மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, தனியார் தயாரித்த மாற்று மேனிஃபோல்டைப் பொருத்துவோர் பெரும்பாலும் காற்றழுத்தத்தையும் எரிபொருளையும் கூட்டவே அப்படிச் செய்கிறார்கள். அப்போது வாயுவின் சூடும் ஏறுகிறது. டர்போவின் சூடான பக்கத்துச் சக்கரம் நிக்கல் கலப்புலோகத்தால் ஆனது. பெட்ரோல் கார்களின் டர்போக்களுக்குப் பொதுவாக 950 முதல் 1050 டிகிரி செல்சியஸ் வரை எல்லை வகுக்கிறார்கள். மேனிஃபோல்டுக்கான எல்லை இன்னும் குறைவு. பரவலாகப் பயன்படும் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு, சூடும் குளிரும் மாறிமாறி வரும் இடங்களில் 870 டிகிரிக்கு மேல் செதில் செதிலாக உரியத் தொடங்கும். டைட்டானியம் சேர்ந்த 321 வகை, உயர்ந்த சூட்டில் தன் வலிமையை அதைவிட நன்றாகக் காத்துக்கொள்ளும். ஆகவே உணரி காட்டும் எண் 50 டிகிரி பிசகினாலும் அதை நம்பி ஓட்டுபவர் இந்த எல்லைகளைத் தெரியாமலே கடந்துவிடுவார்.

உணரியின் உள்ளே பெரும்பாலும் இருப்பது வெப்ப மின்னிரட்டை. இரு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்து அந்த இணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பது 1821-இல் தாமஸ் யோஹன் சீபெக் கண்ட விளைவு. கார்களில் பெரும்பாலும் கே வகை மின்னிரட்டையே இடம்பெறுகிறது. அதன் ஒரு கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்த குரோமெல்; மற்றொன்று நிக்கலோடு சிறிது அலுமினியமும் மாங்கனீசும் சிலிக்கனும் கலந்த அலுமெல். டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் தரும். 1000 டிகிரியிலும் கிடைப்பது 41 மில்லிவோல்ட்தான். இத்தனை சிறிய மின்னழுத்தத்தை வழியில் எதுவும் கெடுக்கக்கூடாது என்பதே பொருத்தும் வேலையின் பாதிக் கவலை.

தொழிற்சாலையிலிருந்தே உணரியோடு வரும் கார்களும் உண்டு. 2002 முதல் 2005 வரை அமெரிக்காவில் விற்ற சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காரில், மேனிஃபோல்டிலிருந்து டர்போவுக்கு ஏறும் குழாயில் அது இருந்தது. அதன் வேலை அந்தக் குழாயிலிருந்த வினையூக்கி மாற்றியைக் காவல் காப்பது. குழாயை மாற்றியவர்களில் பலர், உணரியை எடுத்துவிட்டு அதன் இணைப்பியில் 2.2 கிலோ ஓம் மின்தடையைச் செருகி எச்சரிக்கை விளக்கை அடக்கினார்கள். விளக்கு அணையும், சூட்டைப் பார்க்கும் கண்ணும் போய்விடும். புதிய குழாயில் உணரிக்கும் இடம் வைப்பதே சரியான வழி.

எங்கே பொருத்துவது என்பதுதான் முதல் முடிவு. டர்போவுக்கு முன்னால், எல்லாக் குழாய்களும் கூடும் இடத்தில் ஒரே உணரியை வைத்தால் எஞ்சின் முழுவதன் சராசரி கிடைக்கும். டர்போச் சக்கரம் எதிர்கொள்ளும் சூடும் அதுவே. டர்போவுக்குப் பின்னால் வைப்பது எளிது, முனை உடைந்தாலும் சக்கரத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் வாயு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வருவதால் சூட்டில் ஒரு பகுதியை இழந்திருக்கும். அந்த இழப்பு சுமைக்கேற்ப மாறுவதால், பின்னால் காட்டும் எண்ணோடு நிலையான ஒரு தொகையைக் கூட்டி முன்பக்கச் சூட்டைக் கணிக்க முடியாது. சிலிண்டருக்கு ஒன்றாக வைப்பது மிக நல்ல ஏற்பாடு. ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டால்கூட அது காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு உணரியும் சிலிண்டர் வாயிலிருந்து ஒரே தொலைவில், வழக்கமாக 25 முதல் 50 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒன்று 30-இலும் மற்றொன்று 70-இலும் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

குழாய்ச் சுவரில் நேராக மரை வெட்டிவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். கனமான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் அது நடக்கும். குழாய்களால் ஆன மேனிஃபோல்டில் நடக்காது. ஒன்றரை அங்குல ஷெட்யூல் 10 குழாயின் சுவர் 2.77 மில்லிமீட்டர்; உணரிகளில் வழக்கமான 1/8 என்பிடி மரைக்கு அங்குலத்துக்கு 27 சுற்று. அந்தச் சுவரில் மூன்று சுற்றுகூட முழுதாக நிற்காது. எனவே உள்மரை வெட்டிய தடித்த வளையம் ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். வளையமும் மேனிஃபோல்டும் ஒரே வகை எஃகாக இருப்பது முக்கியம். சாதாரண இரும்பு வளையத்தை எஃகில் வைத்தால், இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் பற்றுவைத்த ஓரம் காலப்போக்கில் வெடிக்கும். குழாயின் உட்புறத்திலும் ஆர்கான் வாயுவை நிரப்பிக்கொண்டு ஆர்கான் வெல்டிங் செய்தால் உள்ளே கருகிய சர்க்கரை போன்ற பொருக்கு படியாது. படிந்தால் அது என்றாவது உதிர்ந்து டர்போவுக்குள் போகும். ஏற்கெனவே உள்ள பற்று மடிப்புகளை ஒட்டித் துளையிடக் கூடாது. விரிசல் முதலில் விழுவது அங்கேதான்.

மேனிஃபோல்டை வண்டியிலேயே வைத்துக்கொண்டு துளையிடும் பழக்கத்தை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். டிரில் பிட்டில் கிரீஸ் தடவினால் சீவல் ஒட்டிக்கொள்ளும், மிச்சத்தைக் காந்தத்தால் எடுத்துவிடலாம் என்பார்கள். வார்ப்பிரும்பில் இது ஓரளவு பலிக்கலாம். 304, 321 வகை எஃகைக் காந்தம் ஏறக்குறைய ஈர்ப்பதே இல்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரத்தில் ஒரே ஒரு சீவல் மோதினால் இதழின் ஓரம் நசுங்கும். சமநிலை குலைந்து தாங்கிகள் தேயும். மேனிஃபோல்டைக் கழற்றுவது அரை நாள் வேலையானாலும் அதைத் தவிர்க்கக் கூடாது. கழற்றி, துளையிட்டு, பற்றவைத்து, பிசிறுகளை அராவி, உள்ளே கழுவிக் காற்றடித்த பிறகே மாட்ட வேண்டும். கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும்.

உணரியின் முனை குழாயின் நடுவில் நிற்க வேண்டும். சுவரை ஒட்டி நின்றால் சுவரின் சூட்டையே பெரிதும் சொல்லும். நடுவில் நின்றாலும் முனை தன் சூட்டில் கொஞ்சத்தைச் சுவருக்குக் கதிர்வீசி இழப்பதால், உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். மெல்லிய தண்டு சூட்டு மாற்றத்தை விரைவாகச் சொல்லும். தடித்தது நெடுநாள் உழைக்கும். டர்போவுக்கு முன்னால் வைப்பதற்கு, முனை மூடிய தண்டே நல்லது. மரையில் நிக்கல் கலந்த இறுகாப் பசையைப் பூசிவிட்டால் ஓராண்டு கழித்தும் உணரியைக் கழற்றலாம்.

கம்பி இழுப்பதில்தான் தவறுகள் மிகுதி. உணரியின் கம்பி போதாமல் சாதாரணச் செப்புக் கம்பியை ஒட்டுப்போட்டால், ஒட்டுப்போட்ட இடமே மின்னிரட்டையின் குளிர் முனையாகிவிடுகிறது; மின்னிரட்டை அளப்பதோ சூடான முனைக்கும் குளிர் முனைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். பானட்டுக்குள் அந்த இடம் 80 டிகிரி, காருக்குள் அந்த மின்னழுத்தத்தைப் படிக்கும் பெருக்கி 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கி தன் 30 டிகிரியை மட்டுமே கூட்டிக் கணக்கிடும். 950 டிகிரி இருக்கும்போது 900 என்று காட்டும். ஆகவே நீட்டிப்புக் கம்பியும் இணைப்பியும் கே வகை உலோகத்தாலேயே இருக்க வேண்டும். நிறத்திலும் ஏமாறலாம். அமெரிக்க முறையில் மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை; காரின் மின்கம்பிகளில் சிவப்பை நேர்முனையாகவே பார்த்துப் பழகிய கை இங்கே தடுமாறும். சர்வதேச முறையில் பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை. கம்பிகளை இணைத்ததும், உணரியை மேனிஃபோல்டில் மாட்டுமுன், முனையைக் கொதிநீரில் நனைத்துப் பார்ப்பது எளிய சோதனை. எண் 100-ஐ ஒட்டி ஏறினால் சரி. இறங்கினால் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன.

எண் சரியாக வந்தாலும் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். டீசல் எஞ்சினில் எரிபொருள் கூடினால் சூடு கூடும். பெட்ரோலில் அப்படியில்லை: காற்றும் எரிபொருளும் மிச்சமின்றி எரிவதற்கேற்ற விகிதத்தை ஒட்டி இருக்கும்போது சூடு உச்சத்தைத் தொடும், அதிலிருந்து எரிபொருளைக் கூட்டினாலும் குறைத்தாலும் இறங்கும். தீப்பொறியைத் தாமதப்படுத்தினால் வெளியேறும் வாயு சூடாகும், முன்னேற்றினால் குளிரும். எனவே வாயுவின் சூடு குறைந்திருப்பது எஞ்சின் நலமாக இருப்பதற்குச் சான்றல்ல. கலவை கட்டுமீறி வெடித்தெரியும் நாக்கிங் நேரும்போது சூடு பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் போய்விடுவதால் வாயுவின் சூடு குறையவும் செய்யும். காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் ஆக்சிஜன் உணரியும், நாக்கிங்கைக் கேட்கும் உணரியும் பக்கத்தில் இருந்தால்தான் இந்த எண்ணை நம்பி டியூனிங் செய்யலாம்.

கே வகைக்கு இன்னொரு குறையும் உண்டு. ஏறத்தாழ 800 முதல் 1040 டிகிரி வரையில், ஆக்சிஜன் மிகக் குறைவாக உள்ள சூழலில் குரோமெலில் உள்ள குரோமியம் மட்டும் ஆக்சிஜனேறிப் பச்சை நிறமாகிறது. இதைப் பச்சை அழுகல் என்கிறார்கள். எரிபொருளைக் கூட்டிவிட்ட டர்போ காரின் மேனிஃபோல்டில் நிலவுவது ஏறக்குறைய இதே சூழல். தண்டின் உறை காக்கும்வரை கவலையில்லை. உறையில் விரிசல் விழுந்தபின் உணரி உண்மையைவிடக் குறைவாகவே காட்டத் தொடங்கும். அதனால் மேனிஃபோல்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் தண்டை எடுத்து உறையைப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். இந்த அழுகலை நன்றாகத் தாங்கும் என் வகை மின்னிரட்டையும் கிடைக்கிறது. அதற்கு மாறினால் பெருக்கியையும் நீட்டிப்புக் கம்பியையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.