ஏரிக்குள்ள ஒரு ரிசப்ஷன்

இன்னைக்கு எபிசோடு கல்யாணச் சாப்பாட்டைப் பத்தி. மெனு இல்ல, அதைச் சமைக்கிற தண்ணி.

ஏரிக்கரையில ரிசப்ஷன்னு சொன்னா ஏதோ ரிசார்ட்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா தி. நகர் மண்டபம் ஒண்ணுல நீங்க சாப்பிட்டிருந்தா, அநேகமா ஏரிக்கு உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கீங்க.

நுங்கம்பாக்கத்துல ஆரம்பிச்சு சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீளமா ஒரு ஏரி இருந்தது. வெள்ளைக்காரங்க அதை 'லாங் டேங்க்'னு சொன்னாங்க. நம்ம ஆளுங்களுக்கு வடக்கே அது நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மயிலாப்பூர் ஏரி. 1920-ல சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்த வருஷக் கடைசியில நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. ஊர்ல வீட்டுக்கு இடம் பத்தல. அடுத்த சில வருஷத்துல ஏரியை வடியவிட்டு மனை போட்டாங்க. 1925-ல காலமான பிட்டி தியாகராய செட்டியார் பேர்ல புது நகர். முதலமைச்சரா இருந்த பனகல் ராஜா பேர்ல பூங்கா. மேற்கு மாம்பலத்துல 'லேக் வியூ ரோடு' இன்னைக்கும் இருக்கு. ஏரிதான் இல்ல.

இதுக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம்? ஏரின்றது ஒரு பஃபர். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடிச்சு வெச்சு, சித்திரை, வைகாசிக்குக் கொடுக்கும். சுத்தியிருக்கிற கிணறுகளுக்கும் அதுலேர்ந்துதான் ஊறும். நம்ம முகூர்த்தங்கள் குவியறதும் அந்தக் கோடையிலதான். ஆடி பிறந்துட்டா கல்யாணம் இல்லைன்னு, வைகாசியும் ஆனியும் நெரிசலாயிடும். ஊர்ல தண்ணி குறைவா இருக்கும்போதுதான் தேவை ஜாஸ்தி.

ஒரு படி அரிசிக்கு ரெண்டரை, மூணு படி தண்ணி. அது வேக வைக்க மட்டும். அரிசி களையணும், காய்கறி அலசணும், அண்டாவும் தேக்சாவும் தேய்க்கணும். வீட்டு வாசல்ல பந்தல் போட்டுக் கல்யாணம் பண்ணின காலத்துல, கொல்லைக் கிணறு இதையெல்லாம் சமாளிச்சது. பந்தியில வாழை இலை போட்டதால தட்டு கழுவுற வேலையே கிடையாது. சாப்பிட்ட இலை மாட்டுக்குப் போயிடும்.

மண்டபம் வந்தது, முதல் நாள் சாயங்கால ரிசப்ஷன் வந்தது, அதோட பஃபேயும் வந்தது. சாட் கவுன்ட்டருக்கு ஒரு தட்டு, ஐஸ்க்ரீமுக்கு ஒரு கிண்ணம். எல்லாத்தையும் யாரோ பின்பக்கம் உட்கார்ந்து கழுவணும். இப்போ பல இடத்துல தட்டு மேல வட்டமா வெட்டின இலை வைக்கிறாங்களே, அது வெறும் அழகுக்கு மட்டும் இல்ல.

2019 ஜூன் ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் கிட்டத்தட்ட வறண்டு போச்சு. ஓஎம்ஆர்ல சில ஐடி கம்பெனிகள் வீட்டிலேர்ந்தே வேலை பாக்கச் சொன்னாங்க. சில ஹோட்டல்கள் மதியச் சாப்பாட்டையே நிறுத்தினாங்க. ஆனா தேதி குறிச்ச கல்யாணத்தை வொர்க் ஃப்ரம் ஹோம் ஆக்க முடியாதே! குடிக்கக் கேன், சமைக்க லாரி, கை கழுவ போர் தண்ணின்னு மூணா பிரிச்சு வாங்கிச் சமாளிக்க வேண்டியிருந்தது. ஒரு காலத்துல ஏரியா இருந்த இடத்துக்கு, வேற ஊர் கிணத்துத் தண்ணி லாரியில வந்தது.

இதே தி. நகர் 2021 நவம்பர்ல முழங்கால் தண்ணியில நின்னதையும் பார்த்தோம். ரெண்டும் ஒரே பிரச்சினைதான். மழையைப் பிடிச்சு வெச்சுக்கிற இடத்தை மூடினதால, வர்றப்போ மொத்தமா வருது, வேணும்கிறப்போ காணோம்.

நூறு வருஷம் முன்னாடி முடிவெடுத்தவங்களுக்கு வீட்டுத் தேவை உண்மையாவே இருந்தது. தி. நகரைத் திரும்ப ஏரியாக்க முடியாது. ஆனா பள்ளிக்கரணை மாதிரி மிச்சமிருக்கிற பஃபரைப் பத்தி இன்னைக்கு முடிவெடுக்கிற இடத்துல நாம இருக்கோம்.

அடுத்த முகூர்த்தத்துக்குப் போனா, சாப்பிட்டு முடிச்சதும் மண்டபத்துக்குப் பின்பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. எத்தனை லாரி நிக்குதுன்னு எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.