இருவர் நடக்க ஒரு தெரு

வெள்ளிக்கிழமை மதியமானால் எங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் என் மேசைப் பக்கம் வந்து நிற்பார். புதிதாகக் கல்யாணமானவராக இருக்கும். இல்லையென்றால் குழந்தையை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு இரண்டு நாள் கிடைத்தவராக இருக்கும். "பாண்டிக்குப் போறோம் பாஸ். ரெண்டு நாள்ல என்னென்ன பாக்கலாம்னு ஒரு லிஸ்ட் குடுங்களேன்." சரித்திரப் புத்தகம் படிக்கிறவனிடம் இடங்களின் பட்டியல் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நான் பட்டியல் தருவதில்லை. வரைபடத்தைத் திறந்து, கடலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே இருக்கும் தெருக்களையும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருக்களையும் காட்டி, "இதுல நடங்க, போதும்" என்பேன். பாதிப் பேர் ஏமாந்துபோவார்கள்.

மதுரையும் தஞ்சாவூரும் பார்க்கிற ஊர்கள். ஒரு கோபுரத்தின் முன்னால் போய் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கலாம். புதுச்சேரியில் அப்படி ஒன்று கிடையாது. சாராய விலைக்காகப் போகிறவர்கள் கதை வேறு. ஜோடியாகப் போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்று யோசித்தால், எனக்குத் தோன்றும் பதில் மிகச் சாதாரணமானது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடப்பதற்கு அங்கே தெரு இருக்கிறது. நம் ஊர்களில் நடைபாதை மேல் பைக் நிற்கும், அதைத் தாண்டினால் டிரான்ஸ்பார்மர், அதையும் தாண்டினால் பள்ளம். என் தாத்தா எங்கே போனாலும் பத்தடி முன்னால் போவார், பாட்டி பின்னால் போவாள். அதை மரபு என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். மரபு பாதி, தெருவின் அகலம் பாதி என்பது என் சந்தேகம்.

அந்தத் தெருக்கள் அங்கே எப்படி வந்தன என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில், போகிறவர்களைப் பற்றி. கணவனும் மனைவியும் மட்டும் இரண்டு நாள் எங்கேயாவது போய்விட்டு வருவது நமக்குப் புதிய பழக்கம். குலதெய்வம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் குடும்பமாகப் போனோம். தேனிலவு என்று ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஒருமுறை அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு தனியாகக் கிளம்பினால் "என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். ஒரு விசேஷமும் இல்லாமல் போவதற்குச் சனிக்கிழமையும் விடுமுறையாக இருக்க வேண்டும். ஹென்றி ஃபோர்டு தன் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று கொண்டுவந்தது 1926இல். சென்னையில் அது பரவலானதற்கு மென்பொருள் நிறுவனங்கள் ஒரு முக்கியக் காரணம். ஏறக்குறைய அதே காலத்தில், 1990களின் இறுதியில், கிழக்குக் கடற்கரைச் சாலையும் சீரானது. சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரம். சனிக்கிழமையும் சாலையும் சேர்ந்துதான் இந்த வாரயிறுதிப் பயணத்தை உண்டாக்கின.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை. நான் அமெரிக்கக்காரர்களோடு இரவு கூட்டத்தில் இருக்கும்போது மனைவி தூங்கியிருப்பாள். அவள் கிளம்பும்போது நான் எழுந்திருக்க மாட்டேன். நடுவில் கிடைக்கும் நேரத்தில் பேசுவது பால் பாக்கெட், பள்ளிக் கட்டணம், அப்பாவின் மாத்திரை. போன முறை புதுச்சேரியில் நடந்துகொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "இங்க வந்தாதான்பா நீ ஒரு வாக்கியத்த முழுசா முடிக்கிற." அதில் ஊருக்கும் பங்கு உண்டு. ஹாரன் சத்தத்துக்குள் யாராலும் நீளமான வாக்கியம் பேச முடியாது.

*

1674இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே வந்து பிரெஞ்சு வணிகக் கம்பெனிக்காகக் காலூன்றியபோது இது ஒரு சிற்றூர். நெசவாளர்கள் இருந்தார்கள், துணி கிடைத்தது, கப்பல் நிற்க வசதி இருந்தது. 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். பிறகு ஐரோப்பாவில் ரிஸ்விக் உடன்படிக்கை ஏற்பட்டு, 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவே கிடைத்த சில ஆண்டுகளில் அவர்கள் செய்த வேலை சுவாரசியமானது. நகரை விரிவாக்க வரைபடம் போட்டார்கள். தெருக்கள் நேர்கோட்டில், ஒன்றை ஒன்று செங்கோணத்தில் வெட்டும்படி. பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷ் அந்த டச்சு வரைபடங்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 'பிரெஞ்சு நகரம்' என்று நாம் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் ஊரின் கட்டங்களுக்கு விதை டச்சுக்காரர்கள் போட்டது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஒருவர் கட்டமைப்பை எழுதிவிட்டுப் போய்விடுவார், அடுத்து வந்தவர் பெயரில் அது ஓடும்.

கோடு போட்டவர்களின் மனதில் இருந்தது வணிகமும் காவலும். எந்தத் தொழில் செய்பவர் எந்தத் தெருவில், சரக்கு எந்த வழியாகக் கரைக்கு வரும், சுவர் எங்கே, வாசல் எங்கே. ஊரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவர் போன இடத்தில்தான் இன்றைய சுற்றுச்சாலை ஓடுகிறது. உள்ளூர்க்காரர்கள் அதைப் 'புல்வார்' என்பார்கள். அந்த பிரெஞ்சுச் சொல்லே கொத்தளத்தைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது.

*

பழைய கட்டடங்கள் என்று நாம் நினைக்கிறவை, தெருக்களோடு ஒப்பிட்டால், அவ்வளவு பழையவை அல்ல. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூர் அருகே ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்ததும் அவர்கள் கணக்கைத் தீர்த்தார்கள். கோட்டை, கவர்னர் மாளிகை, வீடுகள் என்று வெள்ளையர் பகுதி தரைமட்டமானது. மார்த்தேன் கட்டிய ஐங்கோணக் கோட்டை இருந்த இடம் இன்று பாரதி பூங்கா. ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் ஜோடிகள் உட்கார்ந்திருப்பது அந்தக் கோட்டையின் மேல்தான்.

1763இல் பாரிஸ் உடன்படிக்கை ஏற்பட்டது. 1765இல் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பியபோது இருந்தது இடிபாடு. ஆனால் தெருவின் கோடுகள் அழியவில்லை. சுவரை இடிக்கலாம், தெருவை எப்படி இடிப்பது? பழைய கோடுகளின் மேலேயே புது வீடுகள் எழுந்தன. அதன் பிறகும் ஆங்கிலேயர் வந்து போனார்கள். 1816இல்தான் ஊர் கடைசியாகப் பிரெஞ்சுக்காரர்களிடம் நிலைத்தது. துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி என்று நீலப் பலகையில் எழுதியிருக்கும் பெயர்கள் கவர்னர்களும் கடற்படைத் தலைவர்களும். அந்த மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் சண்டை ஓய்ந்த பிறகு வந்தவை.

*

வாய்க்கால்தான் இந்த ஊரைப் புரிந்துகொள்ள முக்கியமான கோடு. கிழக்கே கடல் பக்கம் வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். பிரெஞ்சுக்காரர்கள் மேற்குப் பக்கத்தைக் கறுப்பு நகரம் என்றே எழுதினார்கள். கிழக்கே தெரு அமைதியாக இருப்பதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டும் இல்லை. கடையும் பட்டறையும் சந்தையும் கூட்டமும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தன. அந்த அமைதி ஒரு விலக்கலின் மிச்சம். பின்னால் அரசு அலுவலகங்களும் ஆசிரமமும் பிரெஞ்சு நிறுவனங்களும் அங்கே இருந்ததால் அது கலையாமல் நின்றது.

அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் வாழ்ந்த ஒருவரின் எழுத்து நமக்குக் கிடைத்திருக்கிறது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் துய்ப்ளேக்குப் பக்கத்திலேயே இருந்தவர். கவர்னர் மாளிகைக்குள் செருப்போடு போக அவருக்கு அனுமதி இருந்தது என்பதைத் தனிச் சலுகையாகக் குறிப்பிடுகிறார்கள். செருப்புப் போட்டு நடப்பதே சலுகையாக இருந்த இடம்.

புதுச்சேரியின் பேர்பெற்ற ஜோடி துய்ப்ளேயும் அவர் மனைவி ழானும்தான். விதவையான ழானை 1741இல் சந்திரநாகூரில் மணந்துகொண்டு, அடுத்த ஆண்டு துய்ப்ளே இங்கே கவர்னராக வந்தார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியும். அரசியல் கடிதப் போக்குவரத்தில் கணவனுக்குத் துணையாக இருந்தார். நாவலாசிரியர்களுக்கு இது காதல் கதை. பிள்ளையின் நாட்குறிப்பில் அதே அம்மாள் மீது பக்கம் பக்கமாகப் புகார். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, சம்பா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. அந்த நாளின் வேதனையைப் பிள்ளை விரிவாக எழுதியிருக்கிறார். அதற்குக் காரணமானவர்களில் துய்ப்ளேயின் மனைவியையும் அவர் சேர்க்கிறார். பிள்ளை இறந்தது 1761 ஜனவரி 12, ஊர் விழுவதற்கு நான்கு நாள் முன்னால். இன்று மிஷன் வீதியில் மாதா கோயில் நிற்கிறது. வேதபுரீஸ்வரர் பிறகு ஈசுவரன் கோயில் வீதியில் குடியேறினார். இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடை.

*

ஆங்கிலேயர் எல்லைக்கு வெளியே இருந்ததாலேயே இந்தத் தெருக்கள் இன்னொரு வேலைக்கும் பயன்பட்டன. 1908இல் பாரதி வந்தார். 1910இல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். 'இந்தியா' இதழ் இங்கிருந்து வெளிவந்தது. பாரதி பத்தாண்டு இருந்தார். தெருவில் பிரிட்டிஷ் வேவுக்காரர்கள் நின்றார்கள், கடிதங்கள் வழிமறிக்கப்பட்டன. அப்படிப்பட்ட காலத்தில்தான் அவர் ஒரு மாந்தோப்பை வைத்துக் 'குயில் பாட்டு' எழுதினார். தமிழின் பேர்பெற்ற காதல் கவிதைகளில் ஒன்று புதுச்சேரிக்குப் பக்கத்துத் தோப்பில் நடக்கிறது. எழுதியவருக்கு இது உல்லாசப் பயணம் இல்லை, ஊர் திரும்ப முடியாத வாழ்க்கை. அவர் இருந்த ஒரு வீடு வாய்க்காலுக்கு மேற்கே, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில், நினைவகமாக இருக்கிறது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. வேவுக்காரர்கள் நின்ற மூலைகளில் இப்போது நாம் நின்று செல்ஃபி எடுக்கிறோம்.

*

கடற்கரைக்கும் ஒரு கதை உண்டு. 1836இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் முன்னால் ஜோடிகள் கருங்கல் பாறைகள் மேல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பாறைகள் இயற்கையாக வந்தவை இல்லை. 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்குக் கடலுக்குள் தடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. வடக்கே ஊருக்கு முன்னால் இருந்த மணற்கரையைக் கடல் தின்றது. சாலையைக் காப்பாற்றப் பாறையைக் கொட்டினார்கள். அண்மையில் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்தின் முன்னால் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. 1870களின் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே சாயலில் மறுபடி கட்டியது. இந்த ஊரில் எதுவும் தானாக நிற்பதில்லை.

*

இவ்வளவும் சொன்ன பிறகு, கேட்டவருக்கு ஒரு திட்டம் கொடுக்காமல் அனுப்ப முடியாது. என் யோசனை இது. ஒரு இரவு தங்கினால் போதும். அறை வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை, நடக்கிற தூரத்தில் இருக்கட்டும். வண்டியை நிறுத்திவிட்டு மறந்துவிடுங்கள். கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வண்டி விடுவதில்லை. சுமார் ஒன்றரை கிலோமீட்டர். விடிகாலையில் அதை ஒருமுறை நடந்து முடிப்பதற்குள் வீட்டில் பேசாமல் விட்டதில் பாதி பேசி முடிந்துவிடும். வெயில் ஏறியதும் கிழக்குத் தெருக்களின் நிழல் பக்கமாக நடந்து திரும்புங்கள். மதியம் தூங்குங்கள். அந்த ஊருக்கே அந்தப் பழக்கம் உண்டு.

சாயங்காலம் வாய்க்காலைத் தாண்டுங்கள். பெரும்பாலான ஜோடிகள் தாண்டுவதில்லை. புகைப்படத்துக்கு மஞ்சள் சுவர் கிழக்கே இருக்கிறது, காபிக் கடையும் கிழக்கே இருக்கிறது. மேற்கே வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பு மீட்டெடுத்த தமிழ் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் மரத்தூண் தாங்கிய தாழ்வாரம், அதற்கு உள்ளே திண்ணை. கிழக்கு வீடுகளுக்கு உயர்ந்த மதிலும் மூடிய கதவும். மேற்கு வீடுகள் தெருவில் போகிறவர் உட்காரத் தங்கள் முகப்பில் இடம் விட்டன. பக்கத்துத் தெருக்களில் அந்தத் திண்ணைகளை இடித்து பைக் நிறுத்த இடம் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் ஒன்றிரண்டு குறைந்திருப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது. நம்மைப் போல வாரயிறுதிக்கு வருகிறவர்களின் கார்களும் அந்தத் தெருக்களை அடைக்கின்றன. நாம் தேடிப் போகிற அமைதியை நாமே நெரிக்கிறோம் என்று அங்கே குடியிருப்பவர்கள் சொன்னால் மறுப்பதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் முன் காந்தி வீதிச் சந்தையில் ஒரு நடை. அதன் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். அங்கே அவள் முன்னால் போகட்டும்.