சந்தனப் பூவின் நிறம்: தாவர நீர்வண்ண ஓவியங்களைச் சான்றாக வாசித்தல்

மார்டள்ளி இன்று சாமராஜநகர் மாவட்டத்து ஊர். 1997 வரை மைசூர் மாவட்டம். 1956க்கு முன்பு, கொள்ளேகால் தாலுகாவோடு சேர்ந்து, கோயம்புத்தூர் மாவட்டம். 1800இல் ஆய்வுப் பயணி பிரான்சிஸ் புக்கானன் மைசூர் நாட்டைச் சுற்றிவிட்டுக் காவேரிபுரம் கணவாய் வழியாகக் கோவைச் சீமைக்கு இறங்கியது இந்த வட்டாரத்தின் ஊடாகத்தான். பக்கத்து மாதேஸ்வர மலைக் காடுகளில் சந்தனம் தானாக வளர்கிறது. அந்த மரத்தின் பூவை வைத்தே என் வாதத்தைச் சொல்லிவிடலாம்.

சந்தனப் பூ விரியும்போது வைக்கோல் நிறம். நாள் ஆக ஆகச் சிவந்து, கருஞ்சிவப்பில் முடியும். கொத்தில் இரு நிறப் பூக்களும் கலந்திருக்கும். அறியாதவர் இரண்டு செடி என்றுகூட நினைக்கலாம். இதே கொத்தை உலர்த்தித் தாளில் ஒட்டினால் எல்லாம் ஒரே பழுப்பு. கறுப்புக் கோட்டில் அச்சிட்டாலும் இந்த மாற்றம் தெரியாது. பச்சைக் கிளையை எதிரில் வைத்து நீர்வண்ணத்தில் தீட்டியவரின் தாளில் மட்டுமே அது தங்கும்.

காப்பகத் தாவர ஓவியங்களை நாம் இரண்டு விதமாகவே வாசித்துப் பழகிவிட்டோம்: ஒன்று கலையழகு, மற்றொன்று காலனியச் சுரண்டல். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஓவியத்தை நூலுக்குத் துணைப்படமாக எண்ணுகின்றன. அது முதல்நிலைச் சான்று என்பதே என் நிலைப்பாடு. தாவரவியலின் பெயரிடு விதிகளும் இதற்கு இடம் தருகின்றன. தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் இந்திய ஓவியர்களைக் கொண்டு 2,500க்கும் மேற்பட்ட படங்களை வரைவித்தார். ஒரு தொகுதி கொல்கத்தாவிலும் மற்றொன்று லண்டனின் கியூ தாவரத் தோட்டத்திலும் உள்ளன. அவர் பெயரிட்ட பல இனங்களுக்கு நம்பத்தக்க உலர்மாதிரி கிடைக்காதபோது அந்த ஓவியமே மூலவகைச் சான்றாக, அதாவது பெயர் எந்தச் செடிக்கு உரியது என்பதை நிலைநிறுத்தும் சான்றாக, தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. பெயரோடு ஒட்டி நிற்பது ராக்ஸ்பர்க்கின் சுருக்கப் பெயர். வரைந்தவர் பெயர் அங்கே இல்லை.

மற்றொரு தாவரவியலாளரான ராபர்ட் வைட் இதில் சற்று வேறுபட்டவர். 1838 முதல் 1853 வரை சென்னையில் கல்லச்சில் அவர் வெளியிட்ட 2,101 படங்களில் ரங்கய்யா, கோவிந்து என்ற ஓவியர்களின் பெயர்களைக் காணலாம். கோவிந்துவின் பெயரால் 'கோவிந்தூயா' என்று ஓர் ஆர்க்கிட் பேரினத்தையே அமைத்தார். பின்னாளில் அது டிரோபிடியா என்ற பேரினத்துக்குள் அடங்கிப்போனது வேறு கதை. கவனிக்க வேண்டியது இதுதான்: அச்சான படங்களில் பெரும்பாலானவை வண்ணமற்றவை. எடின்பரோ தாவரத் தோட்டத்தில் எஞ்சியுள்ள மூல ஓவியங்களைப் பாராமல் அச்சுப் படத்தை மட்டும் மேற்கோள் காட்டும் ஆய்வாளர் சான்றின் பாதியைத் தவறவிடுகிறார்.

அதே எடின்பரோவில்தான் ஹியூ கிளெக்ஹார்னின் தொகுப்பும் இருக்கிறது. 1840களின் நடுவில் மைசூர் ராஜ்யத்தின் ஷிமோகாவில் மருத்துவராக இருந்தபோது, நாளுக்கு ஒரு செடி என்று மராட்டிய ஓவியர் ஒருவரை வரையச் செய்தார். அந்த ஓவியரின் பெயர் பதிவாகவில்லை. காட்டு அதிசயங்களைத் தேடிப் பொறுக்கியதற்கும் அன்றன்று கைக்குக் கிடைத்ததை வரைந்ததற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பின்னது ஏறக்குறைய பருவக் குறிப்பேடு. என்ன பூத்தது என்பதோடு எப்போது பூத்தது என்பதையும் அதில் தேடலாம்.

நீர்வண்ணமும் மங்குமே என்ற மறுப்பு நியாயமானது. செடிச் சாயத்து மஞ்சளும் சிவப்பு அரக்குச் சாயமும் வெளிச்சத்தில் முதலில் போகும். அட்டைக்குள் மூடி வைத்த தாள்கள் பெரிதும் தப்பியிருக்கின்றன. சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியவை அப்படியல்ல. நீலமும் மஞ்சளும் கலந்து தீட்டிய இலையை இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். இலை நீலம் தட்டியிருந்தால் மஞ்சள் போய்விட்டது என்று பொருள். அந்தத் தாளில் பூவின் வெளிறிய நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.