துகள் மிதக்கும் துளிகள் உலர்தல்

நுண்ணிய திண்மத் துகள்கள் கரையாமல் மிதந்துகொண்டிருக்கும் ஒரு திரவத்தின் துளி, ஏதேனும் ஒரு பரப்பின்மீது தங்கி ஆவியாகி மறையும்போது, அத்துகள்கள் துளி பரவியிருந்த பிரதேசம் முழுவதிலும் ஒரே சீராகப் படியாமல், பெரும்பாலும் விளிம்பை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டு அங்கே ஒரு வளையமாகக் குவிகின்றன. இதற்குக் ‘காப்பி வளைய விளைவு’ என்று பெயர். சேலம் நகரின் வடபால், ஏற்காடு செல்லும் சாலையில் அமைந்த அஸ்தம்பட்டியில் எந்தக் காப்பிக் கடையிலும், பால் கலவாத டிகாஷன் மேஜைமேல் சிந்தி உலர்ந்த இடத்தைக் கூர்ந்து நோக்கினால், நடுவில் மங்கிய பழுப்பும், ஓரத்தில் பேனாவால் இழுத்தாற்போன்ற கருங்கோடும் தென்படும்.

இவ்வளையத்துக்கு மூலகாரணம் துளியின் விளிம்பு அசையாமல் நின்றுவிடுவதே. பரப்பிலுள்ள சிறு மேடுபள்ளங்களும் அழுக்கும் விளிம்பைப் பற்றிக்கொள்கின்றன. அங்கு வந்து சேரும் முதல் துகள்களே பின்னர் அப்பிடிப்பை மேலும் உறுதியாக்குகின்றன. தட்டையான துளியில் நடுப்பகுதியைக் காட்டிலும் விளிம்பிலேதான் நீர் விரைவாக ஆவியாகிறது. ஏனெனில் அங்கிருந்து புறப்படும் நீராவிக்குச் சுற்றிலும் வறண்ட காற்றில் பரவ இடம் மிகுதி. இங்ஙனம் விளிம்பில் நீர் குறைந்துகொண்டே வர, விளிம்போ உள்வாங்க இயலாமல் நிற்க, அந்தக் குறையை ஈடுசெய்யும் பொருட்டு நடுவிலிருந்து நீர் இடைவிடாமல் வெளிப்புறமாக ஓடவேண்டியதாகிறது. அவ்வோட்டத்தில் துகள்களும் அடித்துச் செல்லப்படுகின்றன. துளி மெலிந்து மறையும் கடைசிக் கணங்களில் இவ்வோட்டம் மிகுந்த வேகம் கொள்கிறது. ஆகையால், தொடக்கத்தில் மெல்ல வந்த உருண்டைத் துகள்கள் வளையத்தின் புறவரிசைகளில் ஒழுங்காக அடுக்கி நிற்க, இறுதியில் விரைந்து வந்தவை உட்புறத்தில் தாறுமாறாகக் குவிந்திருப்பதை நுண்ணோக்கியில் தெளிவாகக் காணலாம்.

மனிதர் நெடுங்காலமாகக் கண்டும் பொருட்படுத்தாதிருந்த இக்கறைக்கு முறையான விளக்கம் 1997-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகன், சிட்னி நேகல், தாமஸ் விட்டன் முதலிய அறுவர் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டனர். மத்தியில் மட்டும் சிறு துளையுள்ள மூடியால் துளியை மூடி, ஆவி விளிம்பில் மிகாதபடி செய்தபோது வளையம் உண்டாகவில்லை என்பதும் அக்குழுவினர் காட்டியதே. விளிம்பில் நிகழும் ஆவியாதலின் பங்கை இதைவிட எளிதாக நிரூபிக்கும் சோதனை வேறொன்று இருக்க முடியாது.

வளையம் எப்போதும் தோன்றும் என்று கொள்ளலாகாது. தாமரையிலை, சேம்பிலை போன்று நீர் ஒட்டாத பரப்பில் விளிம்பு பிடிபடாமல் சுருங்கிக்கொண்டே வருமாதலால், துகள்கள் ஒரு புள்ளியாக ஒடுங்குகின்றன. விளிம்பு சிறிது நேரம் நின்று, பின் சட்டென்று விலகி, மறுபடியும் நிற்குமாயின் ஒன்றனுள் ஒன்றாகப் பல வளையங்கள் அமையும். துளியின் மேற்பரப்பில் இடத்துக்கு இடம் பரப்பு இழுவிசை வேறுபட்டால், இழுவிசை மிகுந்த பக்கம் நோக்கி ஒரு சுழல் ஓட்டம் எழுகிறது. இத்தாலிய அறிஞர் மரங்கோனியின் பெயரால் அறியப்படும் இவ்வோட்டம், ஆக்டேன் போன்ற திரவங்களில் துகள்களை நடுவுக்கே திருப்பிவிடவல்லது. துகளின் வடிவமும் காரணமாகிறது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2011-இல் கண்டபடி, நீண்ட முட்டை வடிவத் துகள்கள் துளியின் மேற்பரப்பை அடைந்ததும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலைபோல் நின்றுவிடுவதால், விளிம்பில் குவியாமல் ஏறத்தாழச் சீராகப் படிகின்றன.

காற்றில் மிதந்தபடியே உலரும் துளிக்கு விளிம்பே இல்லை. பால்பொடி ஆலையில் சூடான காற்றினூடே தூவப்படும் பால் துளியில், ஆவியாதல் மிக விரைவாக நிகழ்ந்து, புறத்தே சேரும் திண்மங்கள் உள்நோக்கிப் பரவ அவகாசம் கிடைக்காதபோது மேலே ஓடு உறைகிறது. அதனாலேயே பொடியின் மணிகள் பல உள்ளே குழிந்தோ வெறுமையாகவோ உள்ளன.

சேலம் வட்டாரத்துக்கு இவ்விஷயம் மிக நெருக்கமாவது ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலே. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் அறிமுகப்படுத்திய காப்பிப் பயிருக்குப் பெரும்பகை இலைத்துரு நோய். 1869-இல் இலங்கையில் தோன்றி அந்நாட்டுக் காப்பித் தொழிலையே அழித்த பூஞ்சை அதுதான். அரபிகா வகையை அதனின்றும் காக்கத் தெளிக்கும் போர்டோ கலவை, 1885-இல் பிரெஞ்சு அறிஞர் மில்லார்தே வெளியிட்ட முறையிலானது. அரை சதவீதக் கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் 200 லிட்டர் நீரில் சேர வேண்டும். இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்கினால், நீல நிறமான கூழ் போன்ற நுண்துகள்கள் மிதக்கும் கலவை கிட்டும். துலக்கிய கத்தியை அதில் சற்று நேரம் நனைத்தெடுத்துப் பார்ப்பார்கள். அலகில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்பது பொருள். கலவையை அன்றன்றே தெளித்துவிட வேண்டும் என்று தோட்டக்காரர்கள் வற்புறுத்துவது முற்றிலும் நியாயமானது: நேரம் கடந்தால் துகள்கள் பருத்து அடியில் வண்டலாகத் தங்கி, இலையில் பற்றும் தன்மையையும் இழக்கின்றன.

பூஞ்சையின் வித்துக்கள் ஈர இலையில் முளைத்து, இலையின் அடிப்புறத்திலுள்ள துளைகளின் வழியே நுழைவதால், மருந்தும் அடிப்புறத்திலேயே படிய வேண்டும். அங்கோ துளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. மேல்நோக்கி அமர்ந்த துளி வளையம் தர, தொங்கும் துளியில் சற்றுக் கனத்த துகள்கள் கீழ்முனைக்கு இறங்கித் திரண்டு, உலர்ந்த பின் நடுவில் மேடாகப் படியக்கூடும் என்று சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. வளையமாயினும் மேடாயினும், செம்பு ஓரிடத்தில் குவிந்தால் அருகிலுள்ள இடம் காப்பின்றிக் கிடக்கும். பெருந்துளிகள் அங்கங்கே தங்குவதைவிட நுண்துளிகள் நெருங்கி விழுந்து இலை முழுதும் நனைவது நன்மை தருவதும், தெளிப்பு நீரில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் ஒட்டுத்திரவம் சேர்ப்பதும் இது பற்றியே. மழைக்காலத்துக்கு முன் மே, ஜூனில் ஒரு முறையும், மழை ஓய்ந்த இடைவெளியில் செப்டம்பர், அக்டோபரில் ஒரு முறையும் தெளிப்பது வழக்கம். தெளித்த துளி உலர்ந்து செம்பு இலையோடு பற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டால், அன்றைய வேலையை மறுபடியும் முதலிலிருந்து செய்ய நேரிடும்.