கைநாட்டும் கையெழுத்தும்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலை நாடும் இடத்தருகே, ஒரு பழங்கோட்டையின் எச்சம் நிற்கிறது. 1690இல் ஆங்கில வணிகக் குழுவினர் மராட்டியரிடம் விலைகொடுத்து வாங்கிய கோட்டை அது. புனித டேவிட் கோட்டை என்பது அவர்கள் இட்ட பெயர்.

1744இல் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் எழுத்தர் வேலைக்கெனச் சென்னையில் வந்திறங்கினான். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும், தப்பிவந்து இந்தக் கோட்டையிலே புகலடைந்தான். 1756இல் இதே கோட்டைக்குத் தலைவனாக வந்தமர்ந்தான். இராபர்ட் கிளைவ் அவன் பெயர். மாவீரன் என்பர், பேரரசுக்கு அடிகோலியவன் என்பர். தொடக்கத்தில் அவன் யார்? பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த ஒரு குமாஸ்தா! “தமிழ் தெரியுமா?” என்று அவனுக்குத் தேர்வு வைத்தவர் இல்லை. “எந்தக் குலம்?” என்று கேட்டு எட்டி நிற்கச் சொன்னவரும் இல்லை. கணக்கெழுதத் தெரிந்திருந்தது, கப்பலில் இடம் கிடைத்தது, வேலை காத்திருந்தது.

நூறாண்டு கழிந்தது. அதே தென்னார்க்காட்டு மண்ணின் மக்கள், எதிர்த்திசையில் கடலேறினர். 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் அது. 1911 வரை நடந்த இந்த மனித ஏற்றுமதியில் ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் சென்னையிற் கப்பலேறியவர்கள். வடவார்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு, தஞ்சை எனத் தமிழகத்து மாவட்டங்கள் அந்தக் கப்பல்களை நிரப்பின. ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது, அதற்குக் கைநாட்டு வைத்தவனுக்குத் தெரியாது.

ஏன் சென்றார்கள்? ஆசையா? அல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சம் ஒரு காரணம். பஞ்சம் இல்லாத ஆண்டிலும் பசி இருந்ததே, அது மற்றொரு காரணம். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாத்திரம் மிரட்டிற்று. போவதற்கு ஒன்றுமில்லாதவன் அந்த மிரட்டலுக்கு ஏன் அஞ்சவேண்டும்? சென்றவர்களில் பல சாதியினரும் உண்டு. எனினும் உழுத நிலம் ஊராருக்கும் உழைத்த களைப்புத் தனக்குமாக வாழ்ந்தவர்களே மிகுதி. தில்லையைக் காண ஒரு நாள் விடுப்புக் கேட்ட நந்தனை ஆண்டை தடுத்த கதையும், அவன் தீயிலே மூழ்கித்தான் கோயிலுக்குள் நுழைய முடிந்தது என்ற கதையும் இந்த மாவட்டத்துக் கதைகளல்லவா? நந்தனின் வழித்தோன்றல்களை நேட்டாலுக்கு அனுப்ப எந்த ஆண்டவனும் தீ கேட்கவில்லை. கங்காணி கைநாட்டு மட்டும் கேட்டான்.

கிளைவும் வேலை தேடிக் கடல் கடந்தான். தென்னார்க்காட்டு உழவனும் வேலை தேடிக் கடல் கடந்தான். ஒருவன் கோட்டைத் தலைவனானான், மற்றவன் கொத்தடிமையானான். வெள்ளையனின் பின்னே துப்பாக்கியும் வணிகக் குழுவும் இருந்தன, உண்மை. ஆயினும் தொடக்கத்தில் இருவரையும் பிரித்த கோடு ஒன்று உண்டு: ஒருவனுக்கு எழுத்துத் தெரிந்திருந்தது, மற்றவனுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது.

இது நம் கற்பனையன்று. நேட்டால் ஆட்சியினரே இதைச் சட்டமாக எழுதிவைத்தனர். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்யாமல் அங்கேயே வாழ முற்படும் இந்தியன் ஆண்டுக்கு 3 பவுன் வரி செலுத்தவேண்டும் என்று 1895இல் ஒரு சட்டம் செய்தனர். 1897இல் மற்றொரு சட்டம் வந்தது. தன் விருப்பில் பிழைக்க வருபவன், ஐரோப்பிய மொழி ஒன்றின் எழுத்தில் விண்ணப்பம் எழுதிக் காட்டினால்தான் உள்ளே நுழையலாம் என்பது அது. ஒப்பந்தக் கூலிக்கு மட்டும் இந்தத் தேர்விலிருந்து விலக்கு! சூழ்ச்சியைப் பார்த்தீர்களா? அடிமையாய் வா, எழுத்து வேண்டாம். மனிதனாய் வா, எழுதிக் காட்டு! திருக்குறளை முழுதும் ஒப்பிக்க வல்ல தமிழ்ப் புலவனும் அந்த வாயிலில் எழுத்தறியாதவனே ஆவான். கல்வி விளக்காகவும் ஆகும், வாயிற்பூட்டாகவும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பூட்டைத் திறக்கச் சாவி தேடினர் அங்கிருந்த தமிழர். 1927இல் இந்திய அரசின் முகவராகத் தென்னாப்பிரிக்கா சென்றார் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். அவர் நம் இயக்கத்தவர் அல்லர். நம் கொள்கைகள் பலவற்றை ஏற்றவரும் அல்லர். ஆயினும் செய்த நன்மையைச் செய்தார் என்று எழுதுவதே பகுத்தறிவு. அடிப்படையில் அவர் பள்ளி ஆசிரியர். ஆங்கிலச் சொல்வன்மைக்கு ஆங்கிலேயரே தலைவணங்கிய ஆசிரியர். கரும்புத் தோட்டத்துப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது உயர்நிலைப் பள்ளி என்பதைக் கண்டுகொண்டார். அங்குள்ள இந்தியர் திரட்டித் தந்த பணத்தில், தர்பனில் ‘சாஸ்திரி கல்லூரி’ எழுந்தது; 1929இல் திறக்கப்பட்டது. கற்பிக்க இந்தியாவிலிருந்து ஆசிரியர்கள் கடல் கடந்து சென்றனர். ஆசிரியப் பயிற்சியும் அங்கே அளிக்கப்பட்டது. நிறவெறி ஆட்சி வேறு பல வேலைகளின் கதவை அறைந்து சாத்திய காலத்தில், கூலியின் பேரன் கரும்பலகையின் முன் நின்றான். கூலியாய் மட்டுமே சென்ற நாட்டுக்கு, நம்மவர் ஆசிரியராகவும் சென்ற வரலாறு இது.

அதே சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரை சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அந்தப் பல்கலைக்கழகம் எப்படி வந்தது? 1920இல் மீனாட்சி கல்லூரியாய்த் தொடங்கி, 1929இல் பல்கலைக்கழகமாய் உயர்ந்தது. நிறுவியவர் அண்ணாமலைச் செட்டியார். பர்மா, இலங்கை, மலேயா எனக் கடல்கடந்த நாடுகளில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் மரபினர் அவர். கடலுக்கு அப்பால் சேர்ந்த செல்வம் கடலோர மாவட்டத்தில் கல்விக்கூடமாயிற்று. அதற்கும் முன்னரே, 1916இல், அதே சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார் சுவாமி சகஜானந்தர். கோயில் வாயிலில் நந்தன் கேட்டது தரிசனம். சகஜானந்தர் அவன் பேரர்களுக்குக் கொடுத்தது எழுத்து. இரண்டில் எது சோறு போடும், எது தலை நிமிர்த்தும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. 1965 சனவரி 27இல் அண்ணாமலை நகரில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான மாணவன் இராசேந்திரன், இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றவன். வீட்டுக்குத் தமிழ், உலகுக்கு ஆங்கிலம் என்ற இரு வாயில்களும் நமக்கு அடைபடாமல் இருப்பதில் அவன் குருதிக்கும் பங்குண்டு.

வாயில் திறந்தது, இனி எல்லாம் நலமே என்று உறங்கலாமா? கூடாது, தோழர்களே! தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு ‘ஈ-2’ என்றொரு விசா உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே அது என்பது பொது விதி. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தத்தின் வழியே, ஆசிரியத் தகுதிச் சான்று பெற்ற இந்தியருக்கு ஒரு சிறு சாளரம் திறந்தது, அவ்வளவே. சிதம்பரத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை வென்றவனிடமும் முதற் கேள்வி, “என்ன படித்தாய்?” என்பதன்று, “எந்த நாட்டவன்?” என்பதே! பிறப்பைக் கேட்டுக் கற்பிக்கும் உரிமையை வழங்கும் முறையை நாம் முன்பே பார்த்ததில்லையா? நம் நாட்டில் அதற்கு வருணாசிரமம் என்று பெயர்.

வரலாற்றின் வேடிக்கையைக் காணுங்கள். அந்த ஏழு நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. தென்னார்க்காட்டிலிருந்து கைநாட்டு வைத்துக் கப்பலேறியவனின் கொள்ளுப்பேத்தி, இன்று ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்ட தர்பன் தமிழச்சி, பட்டம் பெற்றுக் கொரியாவில் ஆங்கில ஆசிரியையாகலாம். கப்பலேறாமல் ஊரில் தங்கியவனின் கொள்ளுப்பேத்தி வாயிலில் காத்திருக்கவேண்டும்! அறிவா அவர்களைப் பிரித்தது? கடவுச்சீட்டின் அட்டைதான் பிரித்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆங்கிலம் அறிந்தவன் ஏமாறமாட்டான் என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டனர். 2022 அக்டோபரில் அவர்களில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். அவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். அறிந்தவர்கள் என்பதாலேயே வலையில் வீழ்த்தப்பட்டவர்கள். அன்று கங்காணி வந்தான். இன்று கைப்பேசியில் விளம்பரம் வருகிறது. ஆகவே, கடல் கடக்க விரும்பும் இளைஞனே, முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பார். ஒப்பந்தத்தை முழுதும் படி. சுற்றுலா விசாவில் வேலை என்று எவன் சொன்னாலும் நம்பாதே. “சாமி காப்பாற்றும்” என்று முடி காணிக்கை நேர்ந்துகொள்வதைவிட, தூதரகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பது மேல்.

தேவனாம்பட்டினக் கோட்டை இன்று இடிபாடு. அதில் குமாஸ்தாவாய் ஒதுங்கியவனின் பேரரசும் இல்லை. அவன் விட்டுச்சென்ற மொழி நம் கையில் கருவியாக இருக்கிறது. நம் முன்னோர் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தனர். அது அவர்கள் குற்றமன்று; படிக்க விடாதவர்களின் குற்றம். நாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டால், அது நம் குற்றம்!