தொப்புள்கொடி சொன்ன சாட்சி

நம் ஊர்ப் பக்கம் குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தால் எறிந்துவிட மாட்டார்கள். தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவார்கள். ஜப்பானியரும் அப்படித்தான், சிறு மரப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவார்கள். அந்தப் பெட்டிகளே ஒரு கம்பெனியின் மறைந்த கணக்கைத் திறந்து காட்டிய வரலாறு இது.

கியூஷூ தீவிலுள்ள கடலோர ஊர் மினமாட்டா. அங்கே சிஸ்ஸோ என்ற இரசாயனக் கம்பெனி 1932-ல் அசிட்டால்டிஹைடு தயாரிக்கத் தொடங்கியது. அதற்கு வினையூக்கியாகப் பாதரச உப்பைச் சேர்த்தார்கள். அதில் ஒரு பகுதி மீத்தைல் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாறி, கழிவுநீரோடு கடலில் கலந்தது. சிற்றுயிர், சிறுமீன், பெருமீன் என்று படிப்படியாகச் செறிந்து, கடைசியில் மீனவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தது.

1950களில் முதலில் பூனைகள் துடிதுடித்துச் செத்தன. அப்புறம் மனிதர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சுக் குழறியது, பார்வை குறுகியது. 1956 மே 1-ல் கம்பெனி ஆஸ்பத்திரியின் தலைவர் டாக்டர் ஹோசோகாவாவே அரசுச் சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார்.

அதே கிராமங்களில் தலை நிற்காத, பேச்சு வராத குழந்தைகளும் பிறந்தன. தாய் உண்ட நஞ்சு நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகாது என்பது அன்றைய மருத்துவ நம்பிக்கை. ஆகவே 'மூளைவாதம்' என்று எழுதி விட்டுவிட்டார்கள்.

1961-ல் ஹராதா மசஸுமி என்ற இளம் டாக்டர் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே மாதிரி அறிகுறிகள். ஆனால் அண்ணனுக்கு மட்டும்தான் மினமாட்டா நோயாம். தம்பி மீனே தின்றதில்லை, பிறவியிலேயே இப்படி என்றார் தாய். மீனைத் தின்றவள் நான்தானே, வயிற்றிலிருந்த பிள்ளைக்கு அது போயிருக்காதா என்பது அவர் கேள்வி. படிக்காத தாயின் கேள்வியே சரியாயிற்று. ஹராதாவின் ஆய்வும், இறந்த குழந்தைகளின் சவப் பரிசோதனையும் அதை உறுதிப்படுத்த, 1962-ல் 16 குழந்தைகளுக்குக் கருவிலேயே இந்நோய் வந்தது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. மீத்தைல் பாதரசம் நஞ்சுக்கொடியை எளிதாகக் கடக்கும். தாயின் இரத்தத்தைவிடச் சிசுவின் இரத்தத்தில் கூடுதலாகச் சேரும். தாய்க்கு லேசான மரமரப்போடு நிற்பது, வளரும் மூளையையே குலைத்துவிடும்.

பிறகு ஹராதா வீடு வீடாகப் போய் அந்தத் தொப்புள்கொடிகளைக் கேட்டு வாங்கிச் சோதிக்கச் செய்தார். தொழிற்சாலையில் உற்பத்தி ஏறிய வருஷங்களில் பிறந்தவர்களின் கொடியில் பாதரசமும் ஏறியிருந்தது. எந்தப் பேரேடும் இவ்வளவு ஒழுங்காக வருஷவாரிக் கணக்கு வைத்திருக்காது!

கம்பெனிக்குத் தெரியாதா? 1959-லேயே ஹோசோகாவா ஆலைக் கழிவுநீரைப் பூனைக்குக் கொடுத்து அதே நோயைக் கண்டார். அந்த முடிவு மறைக்கப்பட்டது. 1970-ல் மரணப் படுக்கையிலிருந்து அவர் அதைச் சாட்சியமாகச் சொன்னார். 1968 வரை அந்த உற்பத்தி நடந்தது. 1973-ல்தான் நீதிமன்றம் கம்பெனியைப் பொறுப்பாளியாக்கியது.

அறியாமல் மிதித்த எறும்புக்கும் வருந்துவது எங்கள் சமண மரபு. அறிந்த பின்னும் ஒன்பது வருஷம் லாபக் கணக்கு எழுதியதை என்னவென்பது? வியாபாரிகளான நாங்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான் இது.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் 2013-ஆம் ஆண்டு உலக ஒப்பந்தத்துக்கு மினமாட்டாவின் பெயரையே வைத்தார்கள். 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றது. அந்தப் பிள்ளைகளில் உயிரோடிருப்பவர்கள் இன்று என்னைவிடச் சில வயதே மூத்தவர்கள். அவர்களைத் தூக்கி வளர்த்த தாய்மார்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். ஒப்பந்தத்தால் அவர்களுக்கு எதுவும் திரும்ப வரப்போவதில்லை. இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான் அது.