ராதாரிச் சீட்டு முதல் இ-பாஸ் வரை: பழனிமலைச் சூழலில் தனியுரிமையும் லினக்ஸ் இயங்குதளமும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தனிமனிதரின் பெயர், இருப்பிடம், பயணம், உடலடையாளம் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்னும் வினா கணினியோடு பிறந்ததன்று. பழனி மலைத்தொடரும் அதனைச் சூழ்ந்த பழைய மதுரை மாவட்டமும் இவ்வினாவைப் பல காலங்களில் சந்தித்துள்ளன. சங்க இலக்கியத்தின் பெயர் சுட்டும் மரபு, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கைரேகைப் பதிவு, 1994, 2017 ஆம் ஆண்டுகளின் உச்சநீதிமன்றத் தீர்ப்புகள், 2024 முதல் நடைமுறையிலுள்ள கொடைக்கானல் இ-பாஸ் ஆகியவற்றை இக்கட்டுரை ஒரே தொடர்ச்சியில் வைத்து நோக்குகிறது. அன்றாடக் கருவிகளில் லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களைப் பயன்படுத்துவது தனியுரிமையை எந்த அளவுக்குக் காக்கும், எந்த இடத்தில் அக்காப்பு நின்றுவிடும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, பழனிமலை, கொடைக்கானல், கைரேகைச் சட்டம், லினக்ஸ், கட்டற்ற மென்பொருள், இ-பாஸ்.

முன்னுரை

‘தனியுரிமை’ என்னும் சொல் தமிழில் அண்மைக்காலத்தது. ‘அந்தரங்கம்’ என்னும் பழகிய சொல் மறைக்கத்தக்க ஒன்றைக் குறிக்கிறது. தனியுரிமையோ மறைத்தலை மட்டும் குறிப்பதன்று. தன்னைப்பற்றிய செய்தியை யார், எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையே அது. மறைக்க ஏதுமற்றவருக்குத் தனியுரிமை தேவையில்லை என்னும் வாதம் இவ்விரு சொற்களையும் ஒன்றாகக் கொள்வதால் எழுவதாகும். இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே இக்கட்டுரை அமைகிறது.

1. அகமும் புறமும்: பெயர் சுட்டும் மரபு

அன்பின் ஐந்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த விதி. ஒருவரின் அகவாழ்வைப் பாடலாம்; அவர் இன்னார் என்று அடையாளம் காட்டுதல் கூடாது. செய்தியையும் அடையாளத்தையும் பிரித்து வைக்கும் இம்முறை, இன்றைய தரவுப் பாதுகாப்பில் பெயர் நீக்கிய தரவு என்று பேசப்படும் கருத்துக்கு மிக நெருக்கமானது.

இவ்விதிக்கு மறுதலையாக நிற்கும் சான்று பழனிமலைப் பகுதியிலிருந்தே கிடைக்கிறது. ஆவியர் குடியைச் சேர்ந்த வையாவிக் கோப்பெரும் பேகன், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்த செய்தி புறநானூற்றின் 143 முதல் 147 வரையிலான பாடல்களில் பேசப்படுகிறது. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அரசனை நோக்கியே அதனைப் பாடினர். இவை புறத்திணையுள் பெருந்திணை என வகைப்படுத்தப்பட்டன. ஒரு குடும்பத்தின் உட்செய்தி பெயருடன் பொதுவெளிக்கு வந்தது உண்மையே. ஆயினும் அது ஆள்வோனின் செய்தி; துயருற்றவள் சார்பில் புலவர் எழுப்பிய முறையீடு. வலியோரை வினவுவதற்குப் பெயர் சுட்டுதலும், எளியோரைக் கண்காணிப்பதற்குப் பெயர் பதிதலும் ஒன்றல்ல என்பதைப் பிற்கால வரலாறு கடுமையாக உணர்த்தியது.

2. ரேகையும் ராதாரிச் சீட்டும்

கைரேகையை அடையாளத்துக்குப் பயன்படுத்தும் முறை ஆங்கிலேயர் ஆண்ட வங்காளத்தில் வளர்ந்தது. 1858இல் வில்லியம் ஹெர்ஷெல் ஒப்பந்தத்துக்காகக் கைப்பதிவு பெற்றார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு நிறுவப்பட்டது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் வடஇந்தியாவில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. 1914 முதல் மதுரை மாவட்டப் பிரமலைக் கள்ளர்மீது இச்சட்டம் படிப்படியாகச் செலுத்தப்பட்டது.

இச்சட்டத்தின் கீழ் ஒருவர் குற்றம் செய்தார் என்பதை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இன்ன குடியில் பிறந்தார் என்பதே போதும். பதிவு செய்யப்பட்டோர் கைரேகை தர வேண்டும். குறித்த காலங்களில் நேர்நிற்க வேண்டும். இருப்பிடம் மாறினால் தெரிவிக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்லப் பெற வேண்டிய அனுமதித்தாளை மக்கள் ‘ராதாரிச் சீட்டு’ என்று வழங்கினர். சட்டத்துக்கே ‘ரேகைச் சட்டம்’ என்பது மக்கள் இட்ட பெயர். சட்டத்தின் முறையான தலைப்பைவிட அதன் உள்ளீட்டை இப்பெயர் சரியாகச் சொல்கிறது.

1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை தர மறுத்துத் திரண்ட மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இச்சட்டத்தை எதிர்த்துக் கள்ளர்களுக்காக வாதாடினார். அவரை மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என அன்புடன் அழைத்தனர். பின்னர் உ. முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோர் இச்சட்டத்துக்கு எதிராக இயக்கம் நடத்தினர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீக்கப்பட்டது.

கொடைக்கானல் அந்நாளில் இதே மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985இல்தான் திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது. மலையடிவாரத்துச் சமவெளியில் மனிதர் நடமாட்டத்தை ஏட்டில் பதிந்த அதே ஆண்டுகளில், மலைமீது சூரியன் பதிவு செய்யப்பட்டது. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1901 முதல் நோக்கீடுகளைச் செய்துவருகிறது. நூற்றாண்டு கடந்த அப்படத்தட்டுகளை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் எண்ணிமமாக்கி ஆய்வுலகுக்குத் திறந்து வைத்துள்ளது. இயற்கையைப்பற்றிய பதிவு எல்லார்க்கும் திறந்திருப்பது அறிவுக்கு ஆக்கம் தருவது. மனிதரைப்பற்றிய பதிவு அவ்வாறு திறந்திருப்பதும், காலவரையறையின்றிக் கிடப்பதும் கேடு தருவன. ஒரு மாவட்டத்தின் இவ்விருவகை ஏடுகளும் இவ்வுண்மையை அருகருகே காட்டுகின்றன.

3. சட்டத்தில் தனியுரிமை

விடுதலைக்குப்பின், 1954இல் எம்.பி. சர்மா வழக்கிலும் 1962இல் கரக் சிங் வழக்கிலும் தனியுரிமை அடிப்படை உரிமையாக ஏற்கப்படவில்லை. இந்நிலையை மாற்றியதில் தமிழக வழக்கொன்றுக்குச் சிறப்பிடம் உண்டு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முனைந்ததை ஒட்டி எழுந்த ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 1994 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனித்து விடப்படும் உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பில் உள்ளடங்கியது என்றது. அதே வேளையில், அரசு அலுவலர் தம் பணிசார்ந்த செயல்களை மறைக்க இவ்வுரிமையைக் கேடயமாக்க முடியாது என்றும், வெளியீட்டை அரசு முன்கூட்டியே தடுக்க இயலாது என்றும் தெளிவுபடுத்தியது. பேகன் பாடல்களில் கண்ட வேறுபாடு இங்குச் சட்டமொழியில் மீண்டும் வெளிப்படுகிறது.

கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி ஆதாரை எதிர்த்து 2012இல் தொடுத்த வழக்கு, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பில் தனியுரிமையை அடிப்படை உரிமையாக நிலைநாட்டியது. அரசு அவ்வுரிமையில் தலையிடுவதற்குச் சட்ட அடிப்படை, முறையான நோக்கம், அந்நோக்கத்துக்கு மிகாத அளவு ஆகியன வேண்டும் என்னும் அளவுகோல் பிறந்தது. 2018இல் ஆதார்ச் சட்டத்தின் பெரும்பகுதி ஏற்கப்பட்டது. எனினும் தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோர வழிசெய்த பகுதி நீக்கப்பட்டது. 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. இச்சட்டம் அரசுக்கு அளிக்கும் விரிவான விலக்குகள் தொடர்ந்து விவாதத்துக்கு உள்ளாகின்றன.

4. தமிழகத்தில் லினக்ஸ்

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டமும், ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் இணைந்து கட்டற்ற இயங்குதளம் உருவாயிற்று. நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் பயனர்க்கு உரிமை உண்டு என்பதே அதன் அடிப்படை. இவ்வுரிமை தனியுரிமைக்கு நேரடித் தொடர்புடையது. தன் கருவி தன்னைப்பற்றி யாருக்குச் செய்தி அனுப்புகிறது என்பதைப் படித்தறிய முடிந்தால்தான் அதைத் தடுக்கவும் முடியும்.

தமிழகத்தில் 1998இல் சென்னை லினக்ஸ் பயனர் குழு தோன்றியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைத் தரத்துக்கு வழிவகுத்தது. சி. உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது அரசுக் கணினிகளில் லினக்ஸ் நிறுவப்பட்டது. சென்னை சி-டாக் மையம் 2007இல் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் வழங்கலை இந்திய மொழி வசதிகளுடன் வெளியிட்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் இடம்பெற்றது. ஆயினும் பாடத்திட்டமும் ஆசிரியர் பயிற்சியும் உடன்வராததால், பல மாணவர்க்கு அது திறக்கப்படாத கதவாகவே இருந்தது. கேரளம் பள்ளிக்கல்வியையே கட்டற்ற மென்பொருளின்மீது அமைத்ததோடு ஒப்பிட்டால் இக்குறை விளங்கும். கணியம் இதழ் 2012 முதல் லினக்ஸைத் தமிழில் எழுதிவருவதும், 2023இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் ‘பார்ஓஎஸ்’ என்னும் கைப்பேசி இயங்குதளம் முன்வைக்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கவை.

5. கொடைக்கானல் இ-பாஸ்

சுற்றுலா ஊர்திகளின் நெரிசலால் மலைச்சூழல் சீர்கெடுவதைக் கருதிய சென்னை உயர்நீதிமன்றம், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு இ-பாஸ் முறையை 2024 மே 7 முதல் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் முதல் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 ஊர்திகள் என வரம்பும் வகுக்கப்பட்டது. பயணி தன் கைப்பேசி எண், ஊர்தி விவரம், உடன்வருவோர் எண்ணிக்கை, தங்கும் நாள் முதலியவற்றை இணையத்தில் பதிந்து சீட்டுப் பெறுகிறார்.

இதனை ராதாரிச் சீட்டோடு சமப்படுத்துதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அது பிறப்பால் ஒரு சமூகத்தைக் குற்றவாளியாக்கியது. இது வெளியூர் ஊர்திகள் எல்லாவற்றுக்கும் பொது. அதன் நோக்கம் அடக்குமுறை. இதன் நோக்கம் மலையைக் காத்தல். எனினும் செயல்முறை அளவில் ஓர் ஒற்றுமை உண்டு: இன்னார் இந்நாளில் இவ்வழியே சென்றார் என்னும் பதிவு இரண்டிலும் உருவாகிறது. ஊர்திகளை எண்ணுவதே நோக்கமெனில், அப்பணி முடிந்தபின் கைப்பேசி எண்ணை வைத்திருக்கத் தேவையில்லை. எண்ணிக்கை நிலைக்கலாம், அடையாளம் அழிய வேண்டும். புட்டசாமி தீர்ப்பின் அளவுகோல் வேண்டுவது இதனையே. அகத்திணை மரபின் உட்பொருளும் இதுவே.

6. கருவியும் பதிவேடும்

இ-பாஸ் பெறப் பயன்படும் கைப்பேசிகளில் மிகப் பல ஆண்ட்ராய்டு வகையின. ஆண்ட்ராய்டின் கருநிரல் லினக்ஸே. ஆகவே லினக்ஸைப் பயன்படுத்தினாலே தனியுரிமை கிடைத்துவிடும் என்பது பிழையான முடிவு. கருநிரல் திறந்திருந்தாலும் அதன்மேல் அடுக்கப்படும் செயலிகளும் நிறுவனச் சேவைகளும் மூடியிருந்தால், பயனரின் இருப்பிடமும் பழக்கமும் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

கணினியில் நிலை சற்றே வேறு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்த நிலையில், பழைய மடிக்கணினிகளில் டெபியன், உபுண்டு, மின்ட் போன்ற வழங்கல்களை நிறுவுதல் செலவற்ற மாற்றாகும். வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்தல், திறந்த நிரலுடைய உலாவியைப் பயன்படுத்துதல், செயலி கேட்கும் அனுமதிகளைக் குறைத்தல், பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைத் தவறாமல் செய்தல் ஆகியவை கருவியைக் காக்கும். மலையூரில் மடிக்கணினி தொலைந்தாலும் மறையாக்கம் செய்த வட்டிலுள்ள குடும்பப் படங்களும் வங்கிக் கணக்குகளும் எடுத்தவர்க்குப் பயன்படா.

ஆனால் வழங்கியில் ஏற்கெனவே பதிந்துவிட்ட செய்தியை வீட்டிலுள்ள லினக்ஸ் கணினி காக்காது. அங்குச் சட்டமும் வெளிப்படைத்தன்மையுமே துணை. அரசுத் துறைகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை நடுவணரசு 2015இல் வெளியிட்டது. கொரோனாக் காலத்து ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு நிரல், விமர்சனங்களுக்குப்பின் 2020 மே மாதத்தில் திறக்கப்பட்டது. குடிமக்கள் நடமாட்டத்தைப் பதியும் அமைப்பின் நிரலும், தரவை அழிக்கும் கால அட்டவணையும் பொதுப் பார்வையில் இருத்தல் இயலும் என்பதற்கு இவை முன்மாதிரிகள்.

முடிவுரை

பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகையின் தொழில்நுட்பத்தை எதிர்க்கவில்லை. தங்களை அறியாமல் தங்களைப்பற்றி எழுதப்படும் ஏட்டையே எதிர்த்தனர். இந்நூறாண்டில் ஏடு வழங்கியாகவும், சீட்டு செயலியாகவும் மாறின, வினா மாறவில்லை. கட்டற்ற மென்பொருள் கருவியைப் பயனரின் ஆளுகைக்குள் கொணர்கிறது. தரவுச் சட்டம் பதிவேட்டை மக்களின் வினாவுக்கு உட்படுத்துகிறது. ஒன்றிருந்து மற்றது இல்லையெனில் காப்பு அரைகுறையாகும். மலையைக் காக்கும் நோக்கமும் மனிதரின் தனியுரிமையும் முரண்பட்டவை அல்ல. ஊர்தியை எண்ணி முடித்தபின் அதில் வந்தவரை மறந்துவிடும் முறையொன்றைக் கொடைக்கானலில் அமைத்தால், எண்ணிம ஆட்சியில் பிற ஊர்களுக்கும் அது வழிகாட்டும்.